பன்னிரண்டு முட்டையும் தீவனக் கடைத் தூணும்

என் முதுகில் இரண்டு தகடும் ஆறு திருகாணியும் இருக்கின்றன. போன டிசம்பரில் வைத்தார்கள். அதற்குப் பிறகு பத்து மாதமாக நான் பார்த்ததெல்லாம் எங்கள் படுக்கையறைக் கூரையைத்தான். அதில் மொத்தம் நாற்பத்தோரு பலகை. ஒன்றில் கரடி மாதிரி ஒரு கறை. என் புருஷன் எலாய் அது கரடி இல்லை, டிராக்டர் என்பான். அவனுக்கு எதைப் பார்த்தாலும் வண்டிதான்.

நான் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் பிசியோதெரபிக்கு வரும் பெண் ஒரு விதி சொன்னாள். "மடியில முட்டைய வச்சுக்கிட்டுப் போனா உடையக் கூடாது. அப்படி ரோடு இருந்தா மட்டும் வண்டியில ஏறுங்க, ஆர்சேனியாம்மா." அவள் ஏதோ பேச்சுக்குச் சொன்னாள். நான் அதைத் தாளில் எழுதி ஐஸ்பெட்டிமேல் ஒட்டி வைத்தேன்.

இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, இந்த வருஷம் பின்யோன் காய்க்காமல் இருந்திருந்தால். எங்கள் மலையில் பின்யோன் மரம் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஒழுங்காகக் காய்க்கும். மற்ற வருஷமெல்லாம் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். காய்த்த வருஷத்தில், முதல் உறைபனி விழுந்ததும் தின்கிற கொட்டை உதிரும். குடும்பம் குடும்பமாகப் போய் மரத்தடியில் முழங்கால் போட்டுப் பொறுக்குவோம். எங்கள் குடும்பத்து இடம் மலை உச்சியில். கடைசிப் பதினெட்டு மைல் மண் ரோடு. ரோடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாக மேடு, நடுநடுவே மாடு தாண்டாமல் இருக்கப் பதித்த இரும்புக் கம்பிகள், அதற்கப்புறம் வெறும் பாறை.

போன தடவை காய்த்தபோது ஒரே நாளில் பதினோரு காபி டப்பா நிறையப் பொறுக்கினவள் நான். என் அக்கா ஒஃபீலியா ஏழு. அந்த ஏழிலும் பாதி சருகு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இரண்டு மூன்று பேரைத் தவிர.

செப்டம்பர் கடைசியில் அவள் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு கருணை.

"இந்த வருஷம் நீ எதுக்குடி அலையற? பேசாம வீட்டுல படுத்திரு. உனக்கு ஒரு காபி டப்பா நெறைய நான் கொண்டாந்து தரேன்."

அதற்குப் பதில் அவள் நேரில் வந்து என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம். அடுத்த காய்ப்பு வரும்போது எனக்கு அறுபத்தொன்பது, எழுபது ஆகியிருக்கும். ஒஃபீலியா கையால் பொறுக்கின ஒரு டப்பாவை வாங்கித் தின்றுவிட்டு அதுவரைக்கும் அந்தக் கரடியைப் பார்த்துக்கொண்டு கிடக்க என்னால் முடியாது.

எலாய் பச்சை மிளகாய்க் குழம்பில் தோர்த்தியா ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் உன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

"எதுல?"

"நம்ம டிரக்குலதான்."

"அதுல போனா என் திருகாணி ஆறையும் நீ ரோட்டுலதான் பொறுக்கணும்."

"முன்பக்க சஸ்பென்ஷனையே பூரா மாத்திடறேன் ஆர்சே. புது ஸ்பிரிங், புது ஷாக், புது ஆர்ம், எல்லாம். மெத்தையில படுத்துட்டு வர மாதிரி வருவ."

"மெத்தையில படுத்துத்தான்யா பத்து மாசமாச்சு!"

ஆனாலும் எனக்குள் ஒரு ஆசை முளைத்துவிட்டது. மறைப்பானேன். அன்றைக்கே சோதனை செய்து பார்த்தோம். நீல எனாமல் கிண்ணத்தில் ஒரு துண்டை விரித்து, என் கோழிகள் போட்ட பன்னிரண்டு முட்டையை அதில் வைத்து, என் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்தேன். எலாய் மண் ரோட்டில் முதல் இரும்புக் கம்பி வரைக்கும் போய்த் திரும்பினான், போக மூன்று மைல், வர மூன்று மைல். ஐந்து முட்டை உடைந்திருந்தது. பழைய ஸ்பிரிங் தொய்ந்துபோய் டிரக்கின் மூக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்துக் கணக்கு அது.

எலாய் முப்பத்தோரு வருஷம் மாவட்ட ரோடு இலாகாவில் மண் சமன் செய்யும் இயந்திரம் ஓட்டினவன். அந்த மண் ரோட்டைச் சமன் செய்ததும் அவன்தான். அதை இப்போது பேசினால் சண்டை வரும்.

புது சாமான் பெட்டிகள் வந்தன. பெட்டிகளுக்குப் பின்னாலேயே என் அக்கா புருஷன் தாச்சோவும் வந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் ஊர் எஸ்பான்யோலாவில் ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்தால் நாலு பேருக்கு மூக்கு வியர்க்கும். ஊரில் பாதிப் பேர் காரைத் தரை உரசுகிற மாதிரி இறக்கி வைத்திருப்பார்கள். மீதிப் பேர் டிரக்கை ஏணி வைத்து ஏறுகிற மாதிரி உயர்த்தி வைத்திருப்பார்கள். கம்பெனி விட்ட உயரத்திலேயே ஒரு வண்டி நின்றால் அது வெளியூர்க்காரனுடையது.

உயர்த்துகிற கூட்டத்துக்குத் தாச்சோதான் பெரிய மனுஷன். தீவனக் கடை வாசலில் கொட்டகையைத் தாங்கி ஒரு மரத்தூண் நிற்கிறது. சஸ்பென்ஷன் மாற்றினவன் எவனாக இருந்தாலும் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தரையிலிருந்து முன் மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடித்து, அந்த உயரத்தில் தூணில் கோடு போட்டு, பெயரும் தேதியும் எழுதுவார்கள். பிள்ளைகள் வளர்வதற்குக் கதவில் கோடு போடுகிறோமே, அதேதான். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் வயது ஐம்பதுக்கு மேல். பின்னாளில் வண்டி இறங்கிவிட்டால் கோடு போட்டவனே வந்து அதைத் தேய்த்து அழிக்க வேண்டும். தாச்சோவின் கோடு பதினோரு வருஷமாக உச்சியில் இருந்தது.

வேலை சனிக்கிழமை ஆரம்பித்து ஞாயிறு முடிந்தது. இரண்டு நாளும் நான் சமையலறை ஜன்னலோரம் நின்று பார்த்தேன். சர்ச்சில்கூட அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு பயபக்தியாக முழங்கால் போட்டு நான் பார்த்ததில்லை. முன்பக்கத்தை ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரும்பு முக்காலிகள் மேல் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பழசையெல்லாம் உருவி வெளியே எறிந்தார்கள். பெட்டிக்குள் எப்படிச் செய்வது என்று எட்டுப் பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. எலாய் அதை எடுத்துக் கண்ணாடியைத் தேடினான்.

"என்ன சகல, பரீட்சைக்கா படிக்கற?" என்றான் தாச்சோ. "பேப்பரப் பாத்து மாட்டறவன் மெக்கானிக்கா? நான் என் வண்டிய மாட்டுனப்போ யாரு பேப்பர் குடுத்தா?"

எலாய் தாளைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும் என் புருஷனுக்கு, வரக்கூடாத இடத்தில் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாம் மாட்டி ஆயிற்று. வண்டி இன்னும் முக்காலி மேலேயே இருந்தது, சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. எலாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "கீழ இறக்கிட்டு இறுக்கலாமா?" என்று கேட்டான். கேட்டது உண்மை. அந்த நியாயத்தை அவனுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் தாச்சோ. "இறக்கிட்டா அடியில புகுந்து மண்ணுல யாரு புரள்றது, உன் தொப்பைய வச்சுக்கிட்டு? மேல இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழுசா இறுக்கித் தள்ளு. நான் அப்படித்தான் செஞ்சேன். பதினோரு வருஷமா நிக்குதுல்ல?"

எலாய் இறுக்கினான். ரோடு இலாகாக் கையால் இறுக்கினான். பிறகு வண்டியை இறக்கினார்கள்.

வண்டி இறங்கவில்லை. இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை என்று சொல்ல வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. டேப் பிடித்தார்கள். மூன்று அங்குலம் உயரும் என்று பெட்டியில் போட்டிருந்தது, கிடைத்தது நாலரை. எலாய் மறுபடி அளந்தான். அப்புறம் தாச்சோ பிடுங்கி அளந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு முதுகு வலிகூட மறந்துவிட்டது.

"டேப்பு பழசு" என்றான் தாச்சோ.

தீவனக் கடைக்காரரின் டேப் புதுசு. திங்கட்கிழமை காலை பதினேழு பேர் முன்னிலையில் எலாய் ஆர்ச்சுலேட்டா என்ற முழுப் பெயரோடு என் புருஷனின் கோடு தூணின் உச்சியில் விழுந்தது, தாச்சோவின் கோட்டுக்கு ஒரு விரல் மேலே. வீட்டுக்கு வந்தவன் வாசல் நிலையில் குனிந்து நுழைந்தான். வளர்ந்தது வண்டி. குனிந்தது இவன்.

"சரி, பெருமையெல்லாம் இருக்கட்டும். முட்டையக் கொண்டுபோ" என்றேன்.

செவ்வாய்க்கிழமை கிண்ணத்தோடு போனான். ஆறு மைலுக்கு அரை மணி நேரம் போதும். ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து வந்தான். கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"பாரு! பன்னெண்டும் முழுசு."

பார்த்தேன். பன்னிரண்டும் முழுசுதான். ஒன்றைக் கையில் எடுத்தேன். ஜில்லென்று இருந்தது.

"எலாய்."

"ம்."

"என் கோழிங்க போட்டது என்ன நெறம்?"

அவன் யோசித்தான். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தினவன், தினம் காலையில் மூன்று தின்கிறவன், யோசித்தான்.

"முட்டை நெறம்" என்றான்.

"என் கோழி போடறது பழுப்பு. ரெண்டு கோழி பச்சையா போடும். இது பன்னெண்டும் வெள்ளை. போற வழியில பயந்து வெளுத்துப் போச்சா?"

தலையைத் தொங்கப் போட்டான். ஒன்பது உடைந்திருந்ததாம். பழைய சஸ்பென்ஷனில் ஐந்து, புதுசில் ஒன்பது. சீட்டைத் துடைத்து, கடைக்குப் போய் ஒரு டஜன் வாங்கி அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"புதுசுன்னா கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும் ஆர்சே. ஓட ஓட எளகிடும். தாச்சோவே சொன்னான்."

"தாச்சோ வண்டி எளகிடுச்சா?"

அவன் வெள்ளை முட்டைகளை எடுத்து ஐஸ்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான்.

எனக்கும் புத்தி கிடையாது. இவன் முகத்தைப் பார்த்துப் பாவமாகப் போய்விட்டது. புதன்கிழமை நானே ஏறி உட்கார்ந்தேன். வீட்டு வாசலிலிருந்து ரோட்டோரத் தபால் பெட்டி வரைக்கும் இருநூறு அடி. அந்த இருநூறு அடியிலும் ஒவ்வொரு கூழாங்கல்லும் என் முதுகில் தன் பெயரை எழுதியது. "நிறுத்து" என்றேன். இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வலிக்காக இல்லை. வலி எனக்குப் பழக்கம். ஆசைப்பட்டுவிட்டேனே என்று அழுதேன்.

வியாழக்கிழமை உறைபனி விழுந்தது. வெள்ளிக்கிழமை ஒஃபீலியா போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம காலையில கெளம்பறோம்டி. உனக்குப் பெரிய டப்பாவா, சின்ன டப்பாவா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். எலாய் எதிரில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் தீவனக் கடைப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை காலை எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை. வெளியே போவதாக இருந்தால் நான் இடுப்பில் ஒரு பட்டை கட்ட வேண்டும். முன்பக்கம் இரண்டு வார் வைத்து இறுக்குகிற கெட்டியான பட்டை. எப்போதும் நானே நின்றுகொண்டு கட்டுவேன். அன்றைக்கு எலாய், குற்ற உணர்ச்சி தாங்காமல், படுக்கைக்கே பட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"நீ எழுந்திரிக்காத. நானே கட்டறேன்."

கட்டினான். வாரைப் பிடித்து, போல்ட் இறுக்குகிற மாதிரியே இறுக்கினான். எழுந்து போய்ச் சமையலறையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பட்டை மேலே ஏறி விலாவில் முட்டியது. குனிய முடியவில்லை, மூச்சு விட முடியவில்லை. முகவாய் தானாக மேலே போய்விட்டது. எதிரில் தட்டில் இருக்கிற தோர்த்தியா கண்ணுக்குத் தெரியவில்லை. மறுபடியும் கூரைதான் தெரிந்தது, இந்தத் தடவை சமையலறைக் கூரை.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச?"

"இறுக்கமா கட்டுனேன். அதானே வேணும்?"

"படுத்திருக்கும்போது கட்டக் கூடாதுன்னு அந்த பிசியோதெரபிப் பொண்ணு தலதலையா அடிச்சுக்கிச்சே! படுத்திருக்கும்போது ஒடம்பு ஒரு மாதிரி நீண்டு கெடக்கும். அப்படியே இறுக்கிட்டு எழுந்து உக்காந்தா, பட்டை ஒடம்ப எறங்க விடாது. நின்னு, என் எடைய நானே தாங்கிக்கிட்டு இருக்கும்போதுதான்..."

நான் நிறுத்திக்கொண்டேன். முகவாயை இறக்க முடியாததால் ஜன்னல் வழியாக முற்றம் நேராகத் தெரிந்தது. முற்றத்தில் டிரக் நின்றது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, விறைப்பாக, கீழே பார்க்க முடியாமல். என்னை மாதிரியே.

"எலாய்" என்றேன். "அந்த போல்ட்டெல்லாம் எப்ப இறுக்குன?"

"ஞாயித்துக்கெழம."

"கெழமையக் கேக்கல. வண்டி எப்படி இருக்கும்போது?"

"முக்காலி மேல. நீதான் பாத்துக்கிட்டு இருந்தியே."

"சக்கரம்?"

"தொங்கிக்கிட்டு..."

அவன் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. சக்கரத்தைத் தாங்கும் ஆர்மும் வண்டிச் சட்டமும் சேருகிற இடத்தில் புஷ் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கும்போது அது முறுக்கிக்கொண்டு முன்பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே நிற்கும். ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அமுங்க விடாது. இதையெல்லாம் எலாய் எனக்கு விளக்கினான், அவன்தான் கண்டுபிடித்த மாதிரி. நான் விட்டுக்கொடுத்தேன்.

ஓடிப்போய்ப் பெட்டியைக் கவிழ்த்துத் தாளை எடுத்தான். ஆறாம் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள், மற்ற எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் இருந்தது: வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போது மட்டுமே இந்த போல்ட்டுகளை முழுதாக இறுக்கவும். அதை அவன் நின்றபடியே மூன்று தடவை படித்தான்.

"அப்ப தளர்த்திட்டா சரியாப் போயிடும்?" என்றேன்.

"சரியாப் போயிடும். ஆனா..."

"ஆனா என்ன?"

"எறங்கிடும் ஆர்சே." வெளியே போய் மட்கார்டு விளிம்பைத் தடவினான். "ஒண்ணரை இஞ்ச் போயிடும். தூணுல நாலாவதுக்கும் கீழ போயிடுவேன். நானே போய் அழிக்கணும். அத்தனை பேரும் நின்னு பாப்பானுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். அறுபத்தாறு வயது மனுஷன், முப்பத்தோரு வருஷம் மற்றவர்கள் போகிற ரோட்டைத் தட்டையாக்கியே காலம் தள்ளினவன், வாழ்க்கையில் முதல் தடவையாக எதிலோ எல்லோரையும்விட உயரமாக இருந்தான், ஐந்தே நாள். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பின்யோன் விஷயத்தில் பாவம் பார்க்கிறவள் இல்லை நான்.

"பரவாயில்ல விடு" என்றேன். "அக்காவுக்குப் போன் போட்டு, பெரிய டப்பாவே கொண்டாந்து குடுன்னு சொல்லிடறேன்."

நான் போனைக் கையில் எடுப்பதற்குள் அவன் ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

"ஆர்சே!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "நீ ஏறி உன் சீட்டுல உக்காரு. நீ வரப் போற வண்டி. உன் எடையும் சேந்துதான் நிக்கணும்."

பட்டையை அவிழ்த்து, நின்றுகொண்டு ஒழுங்காகக் கட்டி, முதலில் படியில், பிறகு சீட்டில் என்று மெதுவாக ஏறி உட்கார்ந்தேன். அடியில் எலாய் முனகுவதும் தொப்பை மண்ணில் உரசுவதும் கேட்டன. ஒரு போல்ட் தளர்ந்தது. இன்னொன்று. மூன்றாவது தளர்ந்ததும் கர்ர்ர் என்று ஒரு சத்தம். வண்டி என்னைச் சுமந்துகொண்டு மெல்ல அமர்ந்தது. நானும் அதோடு இறங்கினேன். பத்து மாதத்தில் அவ்வளவு மெதுவாக என்னை யாரும் எங்கேயும் இறக்கி வைத்ததில்லை.

"எறங்கிடுச்சா?" என்றேன்.

"எறங்கிடுச்சு."

"எவ்வளவு?"

"கேக்காத." ஸ்பானர் போல்ட்டில் மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அசையாம உக்காரு, இறுக்கறேன்" என்றான்.

"என் எடைய அளந்து அதையும் கொண்டுபோய்த் தூணுல எழுதிடாத!"

அவன் சிரித்தபோது வண்டியே குலுங்கியது. நல்ல குலுங்கல், கீழே போய் மேலே வருகிற குலுங்கல்.

அன்று மத்தியானமே பன்னிரண்டு முட்டை ஆறு மைல் போய் வந்தது. பழுப்பு ஒன்பது, பச்சை மூன்று. கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் பென்சிலால் என் கையெழுத்தைப் போட்டுத்தான் அனுப்பினேன். பதினோரு முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றில் மட்டும் மயிரிழை விரிசல். அது கோழியின் குற்றம் என்றான் எலாய். நானும் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மலை உச்சிக்குப் போனோம். வலிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பாறையில் ஏறும்போது இரண்டு இடத்தில் பல்லைக் கடித்தேன். ஆனால் ஒரு இடத்திலும் "நிறுத்து" என்று சொல்லவில்லை. எங்களுக்கு அரை மணி நேரம் கழித்துத் தாச்சோவின் டிரக் வந்தது. ஒஃபீலியா கதவைத் திறந்து, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு காலாக இறங்கினாள். திரும்பிப் பார்த்தவள், மரத்தடியில் முழங்கால் போட்டு நான் இரண்டாவது டப்பாவை நிரப்பிக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"நீ எப்படிடி வந்த?"

"உக்காந்துக்கிட்டு."

தாச்சோவின் கண் எங்கள் வண்டியின் மட்கார்டுமேல் போனது. அளக்க டேப் தேவையில்லை அவனுக்கு. "சகல, வண்டி எறங்கிடுச்சே!" என்றான், முகமெல்லாம் மலர்ந்து. எலாய் டப்பாவை எடுத்துக்கொண்டு பொறுக்கப் போனான்.

சாயங்காலம் வரைக்கும் நான் ஆறு டப்பா. பழைய கணக்குக்கு அது கேவலம். ஆனால் ஒஃபீலியா மூன்றரை. பாதி நேரம் அவள் மரத்தில் சாய்ந்துகொண்டு ஏதோ வேர்க் கஷாயம் குடித்தாள். அவளுடைய இடுப்பு வலிக்குக் காரணம் சிறுநீரகக் கோளாறு என்பது பல வருஷமாகத் தாச்சோவின் தீர்ப்பு. டாக்டர்கள் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்பான் அவன்.

திரும்பும்போது அவள் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டாள். தாச்சோ பின்னால் தனியாக வந்தான். முதல் ஐந்து மைல் அவள் பேசவே இல்லை. எங்கள் அக்கா பேசாமல் இருந்தால் காய்ச்சல் பார்க்க வேண்டும்.

"இந்த ரோட்ட எப்படி சரி பண்ணாங்க?" என்றாள் கடைசியில்.

"ரோடு அதேதான்க்கா."

அவள் கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எலாயைப் பார்த்தாள். எலாய் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. போல்ட் விஷயத்தை நான்தான் சொன்னேன். தெளிவாக, நிதானமாக, ஒரு விவரம் விடாமல் சொன்னேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சொன்னதில்லை.

"அவன் வண்டியிலயும் தூக்கி வச்சே இறுக்குனானா?"

"அத்தான்தானே எலாய்க்கே சொல்லிக் குடுத்தாரு."

"பதினோரு வருஷம்" என்றாள் ஒஃபீலியா. பிறகு கஷாய பாட்டிலைக் கையில் எடுத்து, அதைச் சிறிது நேரம் பார்த்து, ஜன்னல் வழியாக ஊற்றினாள். "பதினோரு வருஷமா எனக்குக் கிட்னின்னு சொன்னான்!"

எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மீதி இருந்தது. தாச்சோ வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் ஒஃபீலியா அவன் வண்டியின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, தன் சீட்டில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றான் தாச்சோ.

"அடியில போ."

"என்னது?"

"அடியில போய்ப் படு. எல்லா போல்ட்டையும் தளர்த்து. நான் உக்காந்திருக்கேன். என் எடையோட இறுக்கு. அதுவரைக்கும் இந்த வண்டி எங்கயும் போகாது. நானும் எறங்க மாட்டேன்."

தாச்சோ எலாயைப் பார்த்தான். எலாய் ஆறாம் பக்கத்தை அவனிடம் நீட்டினான். தாச்சோ படித்துவிட்டுத் தன் வண்டி மட்கார்டுமேல் கையை வைத்தான்.

"அப்ப தூணுல என் கோடு, சகல?"

"நாளைக்கு ரெண்டு பேரும் சேந்தே போலாம்" என்றான் எலாய். "உப்புத்தாள் நான் கொண்டு வரேன்."

தாச்சோ சட்டையோடு மண்ணில் படுத்து அடியில் புகுந்தான். முதல் போல்ட் அழுது வழிந்து தளர்ந்தது. நான் எங்கள் வண்டியிலிருந்து நிறைந்த டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனேன். ஜன்னல் வழியாக அதை என் அக்காவின் மடியில் வைத்தேன்.

"எடை பத்தலேன்னா இதையும் வச்சுக்கக்கா. பெரிய டப்பாதான்."

அவள் என்னை முறைத்தாள். ஆனால் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அதோடுதான் அவள் வண்டியும் கீழே இறங்கியது.